சிட்டை இருக்கிறது, பேரேடு எங்கே?

1970களில் குன்றக்குடி அடிகளார் தம் ஊரான குன்றக்குடிக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் வகுத்தபோது, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து அறிவியலாளர்கள் துணை நின்றார்கள். ஊரில் என்ன வளம் இருக்கிறது, யாருக்கு என்ன வேலை தெரியும் என்று பார்த்த பிறகே தொழில்களைத் தேர்ந்தார்கள். வேலைகளை ஒழுங்குபடுத்த மென்பொருள் தேடும் இன்றைய பழக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. யூடியூபில் யாரோ நோஷன் செயலியைப் புகழ்கிறார், இறக்கிக்கொள்கிறோம், அதற்குள் எதைப் போடுவது என்று பிறகு யோசிக்கிறோம்.

அதே குன்றக்குடியில், பங்குனி உத்திரத்துக்கு மலைக்கோயிலுக்கு நடந்து வருவோருக்காகப் பதினைந்து பேர் சேர்ந்து நீர்மோர்ப் பந்தல் போடுவதாக வைத்துக்கொள்வோம். பந்தல்காரருக்கு முன்பணம், தண்ணீர் லாரி, தயிர், டம்ளர், குப்பை அள்ள ஆள், நன்கொடைக் கணக்கு. சின்ன வேலைதான். ஆனால் லாரி வராவிட்டால், வெயிலில் நடந்து வந்தவர் தாகத்தோடு மலையேறுவார்.

இதற்கு எல்லாரும் தொடங்குவது வாட்ஸ்அப் குழு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். புதிதாகக் கற்க எதுவும் இல்லை. தட்டச்சு வராத பெரியவர் குரல்பதிவில் சொல்லிவிடுவார். பந்தல் நின்ற படம் வந்தால் வேலை முடிந்ததற்கு அதுவே சான்று. இந்த எளிமையை எந்தத் திட்ட மேலாண்மைச் செயலியும் எட்டவில்லை.

அதன் குறையைச் செட்டிநாட்டுக் கணக்குமுறையை வைத்தே சொல்லலாம். அன்றாட வரவுசெலவு நடந்த வரிசையில் சிட்டையில் ஏறும். பிறகு அவரவர் பெயரில் பேரேட்டில் பதிவாகும். நேற்று என்ன நடந்தது என்பதைச் சிட்டை சொல்லும். யாரிடம் என்ன நிலுவை என்பதைப் பேரேடுதான் சொல்லும். வாட்ஸ்அப் குழு வெறும் சிட்டை. “தண்ணி லாரிய நான் பாத்துக்கிறேன்” என்று செவ்வாய்க்கிழமை ஒருவர் சொன்னது, புதன்கிழமை காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும்.

2011இல் வந்த டிரெல்லோ செயலி அந்தப் பேரேட்டைத் தருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அதில் பொறுப்பாளர் பெயர், கெடு. வேலை நகர நகர அட்டையும் நகரும். ஒரே சமயத்தில் நாலு வீட்டில் பழுதுபார்ப்பு எடுத்திருக்கும் காரைக்குடி ஒப்பந்தக்காரருக்கு இது உண்மையாகவே உதவும். எந்த வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு நிற்கிறது, எதற்கு ஆத்தங்குடி டைல்ஸ் வரவில்லை என்பது ஒரு பார்வையில் தெரியும். பந்தல் குழுவுக்கு ஒத்துவராது. இலவசக் கணக்கில் ஒரு பணியிடத்துக்குப் பத்துப் பேர்தான் சேரலாம். அதைவிடப் பெரிய தடை, ஒவ்வொருவரும் கணக்குத் திறந்து தம் அட்டையைத் தாமே நகர்த்துவார்கள் என்ற எதிர்பார்ப்பு. பேரேட்டை ஊரே எழுத வேண்டியதில்லை, ஒரு கணக்குப்பிள்ளை போதும்.

நாள்காட்டியிலும் ஒரு சிக்கல். குறித்த இடைவெளியில் கட்ட வேண்டிய மின்கட்டணத்தையோ சீட்டுப் பணத்தையோ டுடூயிஸ்ட் செயலி தவறாமல் நினைவூட்டும். பங்குனி உத்திரமோ நட்சத்திரத்தைப் பின்பற்றுவது. ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பஞ்சாங்கத்தைப் பார்த்து யாராவது கையால் திருத்தியே ஆகவேண்டும்.

செயலியில் எழுதியதை வெளியே எடுக்க முடியுமா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. பலர் விரும்பிய வுண்டர்லிஸ்ட் செயலியை 2015இல் மைக்ரோசாப்ட் வாங்கியது. 2020 மே மாதம் மூடியது. பட்டியல்களை மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள், உண்மைதான். ஆனால் எங்கே மாற்றுவது என்பதையும் பெரும்பாலும் அந்த நிறுவனமே முடிவு செய்தது.

தனி ஒருவரின் அன்றாட வேலைக்குக் கூகுள் டாஸ்க்ஸ் போதும். பந்தல் குழுவுக்கு நான் சொல்வது இதுதான்: பேச்சு வாட்ஸ்அப்பிலேயே நடக்கட்டும். கூகுள் ஷீட்ஸில் வேலை, பொறுப்பு, கெடு, நிலை என்று நாலு பத்தி. இரவில் ஒருவர் குழுவைப் படித்து அதில் ஏற்றி, நிலுவையை மட்டும் படமாகக் குழுவில் போட வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் நின்றுவிடும் என்பது இதன் குறை. ஆகவே இரண்டாவதாக ஒருவருக்கும் ஷீட்டைத் திருத்தும் அனுமதியை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்.