டே ஆர்டர்

தமிழ்நாட்டின் பல கலைக் கல்லூரிகளில் கால அட்டவணைக்குத் திங்கள், செவ்வாய் கிடையாது; டே ஆர்டர் 1 முதல் 6 வரைதான். மழைக்கு லீவு விட்டால் அன்றைய ஆர்டர் அடுத்த வேலைநாளுக்கு நகரும். இதைக் கண்டுபிடித்தவருக்குச் சிலையே வைக்கலாம்.

சிக்கல் செமஸ்டர் நடுவே வரும். ஆசிரியை ஒருவர் மகப்பேறு விடுப்பில் போவார்; அவருடைய வகுப்புகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். டைம்டேபிள் பார்க்கும் பேராசிரியர் பென்சிலை எடுப்பார். மொழிப்பாட ஹவரில் கை வைக்க முடியாது: தமிழுக்கும் இந்திக்கும் பிரெஞ்சுக்குமாகப் பல துறைப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பிரிந்து போவார்கள். வேதியியல் லேப் தொடர்ச்சியாக ஓட வேண்டும், உடைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் ஒற்றை ஹவர்களை அழித்து, நகர்த்தி, ஒருவருக்கே இரண்டு வகுப்பு மோதாமல் பொருத்துவார். அதைவிடப் பெரிய வித்தை, "மேடம், இந்த லாஸ்ட் ஹவரை நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டுச் சம்மதம் வாங்குவது.