கன்னத்திற்கு எந்தச் சிவப்பு?

முகத்தின் நிறத்துக்கு ஏற்ற ரூஜ் எது என்பது அழகுக்கலை பற்றிய வினா என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஒளியியலைச் சேர்ந்த வினாவும் ஆகும். இதற்கு விடை கூறிய நூல்களுள் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது, கரோல் ஜாக்சன் எழுதி 1980இல் வெளிவந்த ‘கலர் மி பியூட்டிஃபுல்’. இலட்சக்கணக்கில் விற்பனையான இந்நூலை அறிவியல் கண் கொண்டு பார்ப்போம்.

நூலாசிரியர் மக்களை இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பருவங்களாகப் பிரிக்கிறார். தோலின் அடிச்சாயல் மஞ்சள் கலந்திருந்தால் இளவேனில் அல்லது இலையுதிர்காலம். நீலம் கலந்திருந்தால் கோடை அல்லது குளிர்காலம். ஒவ்வொரு பருவத்தாருக்கும் உடையின் நிறங்களையும், அவற்றோடு ஒத்துப்போகும் ரூஜ், உதட்டுச்சாய நிறங்களையும் வகுத்துத் தருகிறார்.

அவர் கூறும் சோதனை முறை பாராட்டத்தக்கது. ஒப்பனையைக் கழுவிவிட்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் அமர்ந்து, மோவாய்க்குக் கீழே வண்ணத் துணிகளை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும். துணி மாறும்போது முகநிறமும் மாறுவதுபோல் தோன்றும். இது வெறும் கற்பனையன்று. அருகருகே அமைந்த நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்பதைப் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் ஷெவ்ரூல் 1839இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியுள்ளார்.

ஆனால் துணி தோலுக்கு அருகில் இருக்கிறது. ரூஜோ தோலின் மேல் படிகிறது. இந்த வேறுபாட்டுக்கு நூலில் உரிய இடம் இல்லை. மெல்லிய ரூஜ் படலத்தின் ஊடே ஒளி தோலுக்குள் செல்கிறது. அங்கே மெலனின் என்னும் நிறமியும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும் அதில் ஒரு பகுதியை உட்கவர்கின்றன. மீதி ஒளியே மீண்டும் ரூஜின் வழியாக நம் கண்ணை அடைகிறது. மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா இனத்தாரிடமும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன.

வெள்ளைத் தாளில் மலர்ச்சியாகத் தோன்றும் இளஞ்சிவப்பு நீர்வண்ணம் பழுப்புத் தாளில் மங்கிப்போவதைப் பள்ளி மாணவரும் அறிவர். கன்னத்திலும் நடப்பது அதுவே. மேலும், ரூஜின் நிறத்தை வெளிறச் செய்ய டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் வெண்பொடி பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. இது எல்லா நிற ஒளியையும் சிதறடிப்பது. ஆகவே கருநிறத் தோலில் அத்தகைய ரூஜ் சாம்பல் பூத்தாற்போல் காட்சியளிக்கிறது.

ஆப்பிரிக்கர், ஆசியர்களுள் பெரும்பாலோரை இந்நூல் குளிர்காலம் என்னும் ஒரே பிரிவில் அடக்கிவிடுகிறது. கோதுமை நிறத்தாருக்கும் கருமை மிகுந்தோருக்கும் ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்? நீலச் சாயல் கொண்ட சிவப்பு என்றால் வெளிறிய ரோஜா நிறமும் அதுவே, நாவற்பழ நிறமும் அதுவே. இவ்விரண்டில் எது வேண்டும் என்பதைத் தோலின் சாயலைவிட அதன் அடர்த்தியே முடிவு செய்கிறது. தோல் எவ்வளவு அடர்ந்ததோ, அவ்வளவுக்கு ரூஜில் நிறமி மிகவும் வெண்பொடி குறையவும் வேண்டும். செங்கல் சிவப்பும் அடர்ந்த நாவற்பழ நிறமும் அங்கே இயல்பாக ஒளிர்வது இதனால்தான்.

துணி தேர்ந்தெடுப்போருக்கு இந்நூல் ஓரளவு வழிகாட்டும். ரூஜ் வாங்குவோரோ பட்டியலை மூடிவைத்து, பகல் வெளிச்சத்தில் தம் கன்னத்திலேயே சிறிது தடவிப் பார்ப்பது நலம். அது சாம்பல் பூத்துத் தெரிந்தால் குறை பொடியில் இருக்கிறது, முகத்தில் இல்லை.