யாருடைய இருதயம்?

இருதயத்தின் துடிப்பை இரவும் பகலும் கணக்கிடும் கைக்கடிகாரங்கள் இன்று வன்னிப் பெருநிலத்துக்கும் வந்துவிட்டன. கடைகளில் விற்கப்படுகின்றன, புலம்பெயர்ந்த உறவினரின் அன்பளிப்பாகவும் வருகின்றன. அவற்றின் விளம்பரங்கள் கூறும் கதை ஒன்றேதான். நகரத்து வீதியில் தனியொருவன் ஓடுகிறான், கடிகாரம் எச்சரிக்கிறது, அவன் பிழைத்துக்கொள்கிறான். விளம்பரமும் ஒரு கதையே. அதன் நாயகன் எந்த வர்க்கத்தவன், அது எதைச் சொல்லாது மறைக்கிறது என்று வினவுவது விமர்சகனின் கடமையாகும்.

முதலில் விஞ்ஞானத்துக்குரிய மதிப்பை வழங்குவோம். இருதய மின்பதிவை உருவாக்கிய ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். 1940களின் பிற்பகுதியில் ஹோல்ரர் என்னும் அமெரிக்கர், நடமாடும் மனிதனின் இருதயத்தைப் பதிவுசெய்ய ஏறத்தாழ 38 கிலோகிராம் எடையுள்ள கருவியை முதுகில் சுமந்தார். அச்சுமை இன்று மணிக்கட்டில் அடங்கிவிட்டது. தோலினூடே செல்லும் பச்சை ஒளி குருதியோட்டத்தின் ஏற்றத்தாழ்வை அறிவிக்கிறது. இது மனித உழைப்பின் வெற்றி. எந்திரத்தையும், முதலாளித்துவம் அதனைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திக் காணவேண்டும் என்று ‘மூலதன’த்தில் மார்க்ஸ் கற்பித்தார். நமது விமர்சனமும் அந்த முறையைப் பற்றியதே.

அப்பிள் நிறுவனத்தின் பொருளுதவியுடன் ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. அதில் 419,297 பேர் பங்குகொண்டனர். ஒழுங்கற்ற துடிப்பென எச்சரிக்கப்பட்டோர் 2,161 பேர். பின்னர் மின்பதிவுப் பட்டியை அணிந்து திருப்பியனுப்பிய 450 பேருள் 34 சதவீதத்தினரிடம் ‘ஏற்ரியல் பிப்ரிலேசன்’ என்னும் மேலறைத் துடிப்புக் கோளாறு காணப்பட்டது. பாரிசவாதத்துக்கு வழிகோலும் இக்கோளாறு வயதுடன் பெருகுவது. ஆயின் பங்குகொண்டோருள் 65 வயதை எட்டியோர் ஏறத்தாழ 6 சதவீதத்தினரே. கடிகாரமும் ஐபோனும் உடையோரே ஆய்வில் சேர முடிந்தது. நோய் மிகுந்த இடமும் கருவி மிகுந்த இடமும் ஒன்றல்ல என்பது இதனாற் புலனாகிறது.

இனி, விளம்பரக் கதையில் இடம்பெறாத ஒருத்தியை நினைத்துப் பார்ப்போம். ஒட்டுசுட்டானில் வயலில் கூலிவேலை செய்யும் நடுத்தர வயதுப் பெண் அவள். அவளுக்கு வேண்டியது பிரசரையும் சலரோகத்தையும் காலந்தவறாது சோதித்து, கிளினிக் கொப்பியில் எழுதி, மருந்து கொடுக்கும் ஏற்பாடாகும். அன்றியும், வறுமையிலும் நெருக்கடியான குடியிருப்பிலும் தோன்றும் வாதக் காய்ச்சல் இருதய வால்வுகளைச் சிதைக்கிறது. அதன் மீள்வருகையைத் தடுப்பது மூன்று, நான்கு வாரங்களுக்கொருமுறை போடப்படும் பென்சிலின் ஊசி. இந்நோயை ஒழிக்க அரசுகள் செயற்படவேண்டும் என்று உலக சுகாதார மாநாடு 2018இல் தீர்மானம் நிறைவேற்றியது. வைத்தியரின் குழாய்க்குக் கேட்கும் வால்வின் முரல்வு இந்தக் கடிகாரத்துக்குக் கேட்பதில்லை. மாரடைப்பைக் கண்டறியத் தன் கடிகாரத்தால் இயலாது என்று அப்பிள் நிறுவனமே கூறியுள்ளது.

வன்னியின் இருதயத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 2009இல் போரினின்று தப்பிய ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். உறவினரைக் காணாது இன்றும் காத்திருக்கும் தாயின் நெஞ்சு நள்ளிரவில் படபடக்கிறது. கடிகாரம் எண்ணைக் காட்டும்; காரணத்தைக் காட்டுமா? போர் உள்ளத்தில் இட்ட காயங்களை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ முதலாய நூல்களில் ஆராய்ந்தார். அக்காயங்களைச் சமூகத்தினின்று பிரித்து அறிய முடியாது என்பதே அவ்வாராய்ச்சிகளின் சாரம். சமூகத்தினின்று பிரித்தெடுத்த இருதயம் வெறும் தசைத் துண்டமாகும்.

கருவி எச்சரித்த பின்னர் யார் வருவார் என்பதே மூலவினா. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டமை இந்நாட்டு மக்கள் பெற்ற பேறு. 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்கிற்கு வந்தது. நெதர்லாந்தின் உதவியுடன் வவுனியாப் பொது வைத்தியசாலையில் எழுந்த இருதய, சிறுநீரக சிகிச்சைக் கட்டடம் 2024இல் திறக்கப்பட்டது. இவை முன்னேற்றங்களே. எனினும் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் பிரயாணம் செய்யவேண்டும். வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, துடிப்பும் ஒழுங்கிழந்தவருக்கு வார்பரின் என்னும் மருந்து தேவை; அதன் அளவை நிர்ணயிக்க அடிக்கடி குருதிச் சோதனை செய்யவேண்டும். ஒருநாள் பிரயாணம் ஒருநாள் கூலியை விழுங்கும் வாழ்வில், எச்சரிக்கை மட்டும் அச்சத்தையே வளர்க்கும்.

எனவே கருவியை நாம் வெறுக்கவில்லை. அதன் உடைமையையே கேள்விக்குட்படுத்துகிறோம். வடமாகாணத்தில் இக்கோளாறு பற்றி யாழ்ப்பாண, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஆராய்ந்துள்ளன. அத்தகைய அறிவு கிராமத்தின் பொதுச் சொத்தாகவேண்டும். விரலை வைத்தால் மின்பதிவு தரும் சிறுகருவி ஒன்று சுகாதார ஊழியரின் பையில் இருந்தால், அது ஓர் ஊருக்கே பயன்படும். செல்வன் ஒருவனின் மணிக்கட்டிலோ அது ஒருவனுக்கே அணிகலன். ஆசிரியர்களும் மாணவர்களும் எழுப்பவேண்டிய கோரிக்கை இதுவே: ஒவ்வொரு கிராமிய வைத்தியசாலையிலும் மின்பதிவுக் கருவி, தவறாத மருந்து, அதனைப் படித்தறியும் வைத்தியர். அவை கிடைக்கும் நாளில்தான் ஒட்டுசுட்டான் பெண்ணின் இருதயமும் கணக்கில் சேரும்.