அந்நியபாஷையும் பரவசப் பேச்சும்: ஒரு விவிலியச் சொல்லின் தமிழாக்கம் பற்றிய மதிப்பீடு

1. முன்னுரை

வழிபாட்டின்போது ஒருவர் தாம் கற்றறியாததும் கேட்போர்க்கு விளங்காததுமான ஒலித்தொடர்களை இடையறாது பேசுதல், கிறித்தவ சபைகள் பலவற்றில் தூய ஆவியின் கொடையாகக் கருதப்படுகிறது. இந்நம்பிக்கைக்கு அடிப்படையான பகுதிகள் புதிய ஏற்பாட்டில், குறிப்பாகத் திருத்தூதர் பணிகள் 2ஆம் அதிகாரத்திலும் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் கடிதத்தின் 12 முதல் 14 வரையிலான அதிகாரங்களிலும் உள்ளன. இவ்விடங்களில் வரும் கிரேக்கச் சொல் 'குளோஸ்ஸா' என்பதாகும். அது நாக்கு என்னும் உறுப்பையும் மொழியையும் குறிக்கும். அரிஸ்டாட்டிலின் கவிதையியலில் அதே சொல், வழக்கிற்குப் புறம்பானதும் விளக்கம் வேண்டுவதுமான அயற்சொல்லைக் குறிக்கிறது. தொல்காப்பியர் கூறும் திசைச்சொல்லோடு அதனை ஓரளவு ஒப்பிடலாம்.

இம்மூன்று பொருள்களையும் ஒருங்கே தாங்கும் சொல் தமிழில் இல்லை. எனவே மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அத்தேர்வு சொல்லளவில் நிற்பதன்று. பேசுபவர் வாயிலிருந்து வருவது மொழியா, அன்றா என்னும் மொழியியல் முடிவையும் அது உள்ளடக்கியுள்ளது. தமிழில் வேரூன்றிய 'அந்நியபாஷை', பிற்காலத்தில் வந்த 'பரவசப் பேச்சு' ஆகிய இரண்டையும் மலையாளத்தின் 'பாஷாவரம்' என்னும் ஆட்சியோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நம்பிக்கையின் உண்மை இன்மை பற்றிய வினா இங்கு எழுப்பப்படவில்லை.

2. 'அந்நியபாஷை'

தமிழரிடையே இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டுப் பெந்தெகொஸ்து இயக்கத்தோடு தொடங்கியதன்று. 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் பணியோடு தொடர்புடைய எழுப்புதலில் பலர் இவ்வாறு பேசியதும் சிலர் அதற்குப் பொருள் கூறியதும் பதிவாகியுள்ளன. அருளப்பனின் நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் 1939இல் நூலாக்கி வெளியிட்டார். என்றி பவர் தலைமையிலான குழுவின் திருத்தம் 1871இல் வெளிவந்தது. சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்து சபைகளிலும் இன்றளவும் பயிலப்படும் இம்மொழிபெயர்ப்பே 'அந்நியபாஷை' என்னும் சொல்லைத் தமிழ்க் கிறித்தவர் நாவில் நிலைபெறச் செய்தது.

மூலத்தின் 14ஆம் அதிகாரத்தில் 'அந்நிய' என்பதற்கு ஈடான அடை, இவ்வகைப் பேச்சைக் குறிக்கும் பொதுத்தொடரில் இல்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வதிகாரத்தில் 'அறியப்படாத' என்னும் பொருள்தரும் அடையைச் சேர்த்தது. எனினும் அது சேர்க்கப்பட்டதே என்பதை வேறுபட்ட எழுத்துருவால் உணர்த்தியது. பரவலாக வழங்கும் தமிழ்ப் பதிப்புகளில் அத்தகைய குறி இல்லாமையால், படிப்போர் அதனை மூலத்தின் சொல்லாகவே கொள்கின்றனர்.

இவ்வடையின் விளைவை மொழிகள் பல கலந்து வாழும் ஓர் ஊரில் வைத்து நோக்கினால் தெளிவு கிடைக்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஆகியன தெருவுக்குத் தெரு கேட்கும். அங்கு 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் எபிரேய மொழியில் வேண்டுதல்கள் ஒலித்தன. சீரோ மலபார் சபையில் 1962இல் மலையாள வழிபாடு நடைமுறைக்கு வரும்வரை, பொருளறியாத மக்கள் முன்னிலையில் சுரியானியே வழிபாட்டு மொழியாக விளங்கியது. அண்டை வீட்டாரின் கொங்கணியும், தொழுகைக்கூடத்தின் எபிரேயமும், கோயிலின் சுரியானியும் கேட்போர்க்கு அந்நிய பாஷைகளே. ஆனால் அவற்றுக்கு இலக்கணம் உண்டு; பேசுவோர் குழு உண்டு; கற்பதற்கு வழியும் உண்டு. 'அந்நியபாஷை' என்னும் தமிழ்ச்சொல்லின் இயல்பான பொருள் இவற்றுக்கே மிகவும் பொருந்தும். பெந்தெகொஸ்து வழிபாட்டில் கேட்கும் ஒலித்தொடரையும் அதே பெயரால் சுட்டும்போது, அதுவும் உலகில் எங்கோ வழங்கும் மொழி என்னும் எதிர்பார்ப்பு தானாகவே பிறந்துவிடுகிறது.

அவ்வெதிர்பார்ப்பு எங்கே கொண்டு சென்றது என்பதற்கு இந்தியச் சான்று ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதலிலிருந்து புறப்பட்ட ஆல்பிரட் கார், லில்லியன் கார் இணையர், தமக்கு வங்காள மொழி அருளப்பட்டுள்ளதென நம்பி, 1906-07இல் கல்கத்தா வந்தடைந்தனர். மக்கள் அதனைப் புரிந்துகொள்ளவில்லை. அவர்கள் தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அப்பேச்சு நற்செய்தி அறிவிப்பதற்கான கருவியன்று, இறைவனை நோக்கிய வேண்டலே என அதன் பயனை மறுவரையறை செய்துகொண்டனர். மொழி என்னும் பெயர் எழுப்பிய எதிர்பார்ப்பை அனுபவமே திருத்தியது எனலாம்.

பவர் திருத்தத்தின் மற்றொரு குறை நுட்பமானது. 14ஆம் அதிகாரத்தின் 10, 11ஆம் வசனங்களில் பவுல் உலக மொழிகளைப் பற்றிப் பேசுகிறார். அங்கே அவர் 'குளோஸ்ஸா' என்னும் சொல்லை விலக்கி, குரல் அல்லது ஒலி எனப் பொருள்படும் 'போனே' என்னும் சொல்லை ஆள்கிறார். ஒருவன் பேசும் மொழி விளங்காவிடில் பேசுவோனும் கேட்போனும் ஒருவர்க்கொருவர் அயலாராவர். அதுபோன்றதே சபையில் விளக்கமின்றி எழும் இப்பேச்சு என்பது அவரது வாதம். ஒப்புமை என்பது இருவேறு பொருள்களுக்கிடையே அமைவது. தமிழாக்கம் 'போனே'யையும் 'பாஷை' என்றே பெயர்த்து, 'பார்பரோஸ்' என்பதற்கு 'அந்நியன்' என்று எழுதுகிறது. இதனால் உவமையும் உவமேயமும் ஒன்றாகிவிடுகின்றன; அந்நியபாஷை அந்நியனின் பாஷையாகிவிடுகிறது.

3. 'பரவசப் பேச்சு'

கத்தோலிக்க, சீர்திருத்தச் சபை அறிஞர்கள் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு இச்சிக்கலை உணர்ந்ததாகத் தோன்றுகிறது. அது திருத்தூதர் பணிகள் 2இல் 'மொழிகள்' என்றும், கொரிந்தியர் கடிதத்தில் 'பரவசப் பேச்சு' என்றும் வேறுபடுத்துகிறது. 'பாஷை'யை விலக்கிப் 'பேச்சு' என்றமை, நிகழ்வை மொழி என முன்கூட்டியே முடிவு செய்யாத நற்செயல். ஆயினும் அடைமொழி வேறொரு முடிவைத் திணிக்கிறது.

'பரவசம்' என்னும் வடசொல்லின் பகுப்புப் பொருள் பிறர் வசமாதல் என்பது. இக்காலத் தமிழில் அது மெய்ம்மறந்த மகிழ்ச்சியையும் குறிக்கும். எப்பொருளில் கொண்டாலும், பேசுபவர் தம்வயமிழந்தவர் என்பதே கருத்து. தமிழ்ச் சூழலில் அதனுடன் சங்க இலக்கிய வெறியாட்டும் சாமியாட்டமும் அருள்வாக்கும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால் பவுல் கொரிந்து சபைக்கு விதிக்கும் ஒழுங்கு இதற்கு மாறானது. இருவர், மிஞ்சினால் மூவர், ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும். விளக்குவோர் இல்லையெனில் சபையில் அமைதி காக்க வேண்டும் என்கிறார். தன்வசமிழந்தவருக்கு முறை வைத்துப் பேசவும் வாய்மூடி இருக்கவும் கட்டளையிடல் பொருளற்றது. இவ்வகைப் பேச்சின்போது அறிவு பயன்படாது நிற்கிறது என்று அவர் கூறுவதும், புறத்தார் கேட்டால் பித்தர் எனக் கருதுவர் என்று எச்சரிப்பதும் உண்மையே. எனினும் முன்னது பொருளறிதலைப் பற்றியது. பின்னது பார்ப்போர் கருத்து. பேசுவோரது மனநிலையை இரண்டும் உறுதி செய்யவில்லை.

மொழியியலாருக்குள்ளும் இது முடிந்த வழக்கன்று. 1972இல் வெளிவந்த இரு நூல்கள் இருவேறு நிலைகளை எடுத்தன. ஃபெலிசிட்டஸ் குட்மன் பல பண்பாடுகளின் பதிவுகளை ஒப்பிட்டு, இப்பேச்சின் ஏற்ற இறக்க அமைப்பு மாற்றமுற்ற உணர்வுநிலையின் விளைவு என்றார். வில்லியம் சமாரின் அதற்கு உடன்படவில்லை. பேசுவோர் பலர் முழு விழிப்புநிலையிலேயே பேசுகின்றனர் என்றும், அசைகளும் அவை மீள வருதலும் ஒழுங்குற அமைந்து மொழிபோல ஒலித்தாலும் அதனுள் பொருளோடு இணைந்த கூறுகள் இல்லை என்றும், அதன் ஒலிகள் பெரும்பாலும் பேசுவோர் அறிந்த மொழிகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன என்றும் அவர் காட்டினார். 'பரவசப் பேச்சு' என்பது குட்மனின் பக்கம் சாய்ந்த சொல்லாட்சி. ஆங்கிலத்தில் 1961ஆம் ஆண்டின் நியூ இங்கிலிஷ் பைபிள் இதே பொருள்தரும் தொடரை ஆண்டது. 1989இல் வந்த அதன் திருத்தப் பதிப்பு அதைக் கைவிட்டுப் பழைய சொல்லுக்கே திரும்பியது என்பது நோக்கத்தக்கது.

இத்தேர்வால் கடிதத்தின் கட்டுக்கோப்பும் குலைகிறது. அன்பைப் போற்றும் 13ஆம் அதிகாரம், மானிடர், வானதூதர் ஆகியோரின் 'குளோஸ்ஸா'க்களைச் சொல்லித் தொடங்குகிறது. கொரிந்தியர் பெருமை பாராட்டிய அதே கொடையைச் சுட்டியே அன்பில்லாவிடில் அது வெற்றொலி என்கிறார் பவுல். 1995 மொழிபெயர்ப்பு அத்தொடக்கத்தில் 'மொழிகள்' என்றும், முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களில் 'பரவசப் பேச்சு' என்றும் பெயர்ப்பதால், தமிழில் படிப்பவர்க்கு 13ஆம் அதிகாரம் நாவன்மை பற்றிய பொதுவான அறவுரையாகத் தோன்றுகிறது. சொல் தொடர்ச்சி அறுந்தால் வாதத் தொடர்ச்சியும் அறும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

4. மலையாளத்தின் 'பாஷாவரம்'

மலையாளச் சீர்திருத்த மரபிலும் 'அந்யபாஷ' என்னும் சொல்லே நிலைத்துள்ளது. ஆனால் கொச்சி பாலாரிவட்டத்தில் இயங்கும் மேய்ப்புப்பணி மையம் 1981இல் வெளியிட்ட முழு விவிலியம் 14ஆம் அதிகாரத்தில் 'பாஷாவரம்' என்னும் சொல்லை ஆள்கிறது. பேசப்படுவது எந்த மொழி, பேசுவோர் எந்நிலையில் உள்ளார் என்னும் இரு வினாக்களையும் இச்சொல் திறந்தே வைக்கிறது. கொடைகள் பற்றிய 12ஆம் அதிகாரத்தோடு 14ஆம் அதிகாரத்தைப் பிணைக்கவும் செய்கிறது. இவை அதன் நிறைகள். எனினும், இக்கொடையைப் பிற கொடைகளுக்குக் கீழே வைத்து அடக்கிப் பேசும் இடத்திலேயே 'வரம்' என்னும் உயர்வுச் சொல்லைத் திரும்பத் திரும்ப வைப்பது மூலத்தின் தொனிக்கு முரணாகிறது.

5. விளக்குவதா, மொழிபெயர்ப்பதா?

மொழிபெயர்ப்பாளர் சிறப்பாகக் கருத வேண்டிய மற்றொரு சொல் இப்பேச்சோடு இணைந்துவரும் 'விளக்கும்' கொடை. பவர் திருத்தம் இதனை 'வியாக்கியானம்' என்கிறது. வைணவ உரைமரபால் தமிழ்ப் படிப்பாளிகள் நன்கறிந்த இச்சொல் உரைவிரிவைக் குறிக்குமேயன்றி மொழிபெயர்ப்பைக் குறிக்காது. ஆக, ஒரே தமிழாக்கத்துள் 'அந்நியபாஷை' என்பது மொழி என்கிறது; 'வியாக்கியானம்' என்பதோ அது மொழிபெயர்க்கப்படுவதன்று என்கிறது. இம்முரணில் இரண்டாவது சொல்லே நடைமுறையோடு ஒத்துச்செல்கிறது. உளவியலார் ஜான் கில்டால் 1972இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒலிப்பதிவுக்கு வெவ்வேறு விளக்குநர் வெவ்வேறு பொருள் கூறியதாகத் தெரிவித்தார். மொழிபெயர்ப்பு என்னும் அளவுகோலால் இது தோல்வி. ஆனால் ஒரு நூலுக்குப் பல வியாக்கியானங்கள் அமைதல் குறையாகக் கருதப்படுவதில்லை. எந்த அளவுகோலால் அளப்பது என்பதை, அறிந்தோ அறியாமலோ, மொழிபெயர்ப்பாளரே முதலில் தீர்மானித்துவிடுகிறார்.

6. முடிவுரை

பெயர் தவறினால் பாதிப்பு பேசுபவர்க்கே. 'அந்நியபாஷை' என்னும் பெயர், எந்த நாட்டு மொழி என்ற கேள்விக்கு விடையில்லாதவரை ஏமாற்றுக்காரராக்கிவிடும். 'பரவசப் பேச்சு' என்னும் பெயர், தெளிந்த நிலையில் வேண்டுபவரையும் தன்னிலை மறந்தவராக்கிவிடும். இரண்டும் ஆய்வுக்கு முன்பே வழங்கப்பட்ட தீர்ப்புகள்.

சபை மக்களின் பேச்சு வழக்கிலேயே இதற்கொரு தீர்வு உள்ளது. அவர்கள் அடைமொழியின்றிப் 'பாஷை பேசுதல்' என்றும் வழங்குவர். இக்கால உரைநடையில் 'மொழி' என்னும் சொல் 'பாஷை'யின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டமையால், 'பாஷை' கலைச்சொல்லாகப் பயன்படுத்தற்கு எளிதாகியுள்ளது. மேலும் 'கண் பாஷை', 'சைகை பாஷை' போன்ற வழக்குகளில் அது இலக்கணமுடைய வாய்மொழிக்கு அப்பாலும் விரிகிறது. 12 முதல் 14 வரையிலான அதிகாரங்களில் 'குளோஸ்ஸா'வுக்கு எங்கும் 'பாஷை' என்றும், உலக மொழிகளைச் சுட்டும் இடத்தில் மட்டும் 'மொழி' என்றும் ஆண்டால், மூலத்தின் சொல்வேறுபாடும் 13ஆம் அதிகாரத்தின் தொடர்ச்சியும் ஒருங்கே காக்கப்படும்.

மொழியியலார்க்கும் இங்குப் பணி உண்டு. ஒலிகள் பேசுவோர் அறிந்த மொழிகளிலிருந்தே பெறப்படுகின்றன என்னும் சமாரினின் கருத்தைச் சோதிக்கக் கொச்சி போன்ற இடங்கள் ஏற்றவை. மூச்சொலி வெடிப்பொலிகள் தமிழில் ஒலியன்களல்ல. மலையாளத்தில் அவை ஒலியன்களாக உள்ளன. இருமொழியினரது இவ்வகைப் பேச்சையும், அவர்தம் இசைவுடன் பதிவு செய்து ஒப்பிட்டால், பெயர் சூட்டுதற்கு முன் செய்திருக்க வேண்டிய ஆய்வு தொடங்கியதாகும்.