மொய் நோட்டும் ஆரஞ்சுப் பழமும்

கல்யாண மண்டபத்து வாசலில் மொய் எழுத உட்காருகிறவர் முதலில் பிள்ளையார் சுழி போடுவார். பிறகு ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. நூறு என்றால் 101, ஐந்நூறு என்றால் 501. அந்த ஒற்றை ரூபாய்க்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். கணக்கு ஒருநாளும் முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று ஒரு பெரியவர் சொன்னதை நான் நம்புகிறேன். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். முதன்முதலாகச் செய்வது ‘புது நடை’. வாங்கியதைத் திருப்பிச் செய்யும்போது அதன் தலையில் கொஞ்சம் புது நடை ஏற்றி வைத்தால் உறவு ஓடும். வாங்கியதை மட்டும் எண்ணி வைத்துவிட்டு இலையில் உட்கார்ந்தால், அந்த ஆள் நம்மோடு முடித்துக்கொள்கிறார் என்று அர்த்தம். திரண்ட பணத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், மகளைக் கட்டிக்கொடுப்பார்கள், கந்துவட்டிக் கடனை அடைப்பார்கள். பத்திரம் கிடையாது. கணக்கு மட்டும் உண்டு.

இதைக் கருணை என்று யாரும் சொல்வதில்லை. ‘செய்முறை’ என்பார்கள். ஆனால் ஒரு தெருவும் ஒரு ஊரும் விழாமல் நிற்பது பெரும்பாலும் இந்த மாதிரி செய்முறைகளால்தான். கைமாற்று, ஏலச்சீட்டு, இரவல் அண்டா, இழவு வீட்டில் அடுப்பு எரியாத நாளில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் சோற்றுப் பானை எல்லாம் இந்த வகை. வள்ளுவர் இந்த வேறுபாட்டை நுட்பமாகக் கண்டிருக்கிறார். ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23ஆம் அதிகாரம், இரண்டும் இல்லறத்தானுக்கு. அருளுடைமை 25ஆம் அதிகாரம். அது துறவறவியலின் தலைவாசல். வீட்டுக்காரனுக்கு முதலில் ஒப்புரவு, அதற்கப்புறம் ஈகை, எல்லையற்ற அருளோ வீட்டைக் கடந்தவனுக்கு. நம்முடைய வெகுஜனக் கதைகளுக்கு இந்த வரிசை பிடிபடவே இல்லை என்பது என் கட்சி. அவை வீட்டுக்காரனிடம் போய் அருளைக் கேட்டுக்கொண்டிருந்தன.

1926இல் தொடங்கிய ஆனந்த விகடன் 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்தது. 1941இல் கல்கி, 1947இல் குமுதம். இவற்றின் தொடர்கதைகளில் வளர்ந்த தலைமுறைக்கு இரக்கம் எப்படி வரும் என்பது மனப்பாடம். கடைசி மூன்று அத்தியாயங்களுக்குள் பணக்கார மாமனாருக்கு மனம் இளகும். டாக்டர் கட்டணம் வேண்டாம் என்பார். கைவிட்டவன் ரயிலடிக்கு ஓடி வருவான். வாங்குகிறவர் கண்ணில் நீர் நிற்கும், கை குவியும். அந்தக் கண்ணீருக்கு நானும் வாரா வாரம் காசு கொடுத்தவன்தான், ஆகவே கேலி செய்ய உரிமையில்லை. ஆனால் நாற்பது வருடம் கழித்து அந்தக் கதைகளில் ஒன்றின் பெயராவது நினைவிருக்கிறதா என்றால், இல்லை. தங்கிப்போனவை வேறு கதைகள். கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்தவை.

இதில் முதலிடம் இடைசெவல்காரரான கு. அழகிரிசாமிக்குத்தான். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளிக்கு முந்தைய இரவு, ஏழை வீட்டு வாசலில் உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைப் பையன் ஒண்டுகிறான். பெயர் ராஜா. அந்த வீட்டுத் தாய் தாயம்மாள் அவனை விரட்டவில்லை, உருகி வழியவும் இல்லை. தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டுகிறாள். துணி என்று வரும்போதுதான் நெருக்கடி. வீட்டில் மிச்சமிருப்பது புருஷனுக்கென்று எடுத்த ஒரே ஒரு துண்டு. அதைக் கொடுப்பதற்கு முன் அவள் மனம் தடுமாறுவதை அழகிரிசாமி மறைக்கவில்லை. கதையின் உயிரே அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. யோசிக்காமல் தூக்கிக் கொடுப்பவளாக எழுதியிருந்தால் அவள் காலண்டர் படமாகியிருப்பாள். பணக்கார வீட்டுப் பையன், தன் வீட்டுக்கு மாப்பிள்ளை ராஜா வந்திருக்கிறார் என்று பெருமையடிக்க, தாயம்மாளின் மகள் மங்கம்மாளும் தன் வீட்டு ராஜாவைச் சொல்கிறாள். அவளுக்கு அது போட்டி, அவ்வளவுதான். நல்ல காரியம் செய்த நினைப்பு அந்தக் குழந்தைகள் யாருக்கும் கிடையாது.

இதே கை எழுதிய ‘அன்பளிப்பு’ இதற்கு மறுபுறம். குழந்தைகளிடம் பிரியமுள்ள ஒருவர்; புத்தகங்களும் டைரியுமாக அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பவர். சாரங்கன் என்ற பையன் மட்டும் எப்படியோ அவர் கண்ணில் படாமல் போகிறான். அவன் அழவில்லை. தானே ஒரு டைரி கொண்டுவந்து, பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு என்று அவர் கையாலேயே அதில் எழுதி வாங்கிக்கொள்கிறான். பரிவுள்ள மனிதரின் கவனப்பிசகு ஒரு பிள்ளையை எவ்வளவு ஆழமாகக் கீறும் என்பதற்கு இதைவிடக் கூரான சாட்சி தமிழில் இல்லை. கல்நெஞ்சக்காரனால் இந்தக் காயத்தை உண்டாக்க முடியாது. அன்பானவரால்தான் முடியும்.

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ அதிகம் பேசப்பட்டுவிட்டது, ஆனாலும் விட முடியவில்லை. கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குக் கூட்டிப்போகப்படும் ஒரு சிறுமி, ரயிலில் எதிரே அப்பாவோடு வரும் ஒரு சின்னப் பையன். பெரியவர்கள் அவளுக்காக உச்சுக்கொட்டுகிறார்கள், விசாரிக்கிறார்கள். பையன் ஆசையாய் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் கொடுக்கிறான். அவளும் அவனும் குழந்தைகள். பழம் மேலிருந்து கீழே போகவில்லை, பக்கவாட்டில் போகிறது. பெரியவர்களின் அனுதாபத்தை அது ஒரே நொடியில் சின்னதாக்கிவிடுகிறது.

குழந்தைகளை வைத்து இதை எழுதுவது ஒருவகையில் சுலபம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். வளர்ந்தவர்கள், அதிலும் ஒரே கூரையின் கீழ் ஒண்டுக்குடித்தனம் இருப்பவர்கள், சிக்கலான மனிதர்கள். 1966இல் விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வாசகர்களை இரண்டாகப் பிளந்தது. மழையில் கார்க்காரனால் கெடுக்கப்பட்டு வந்த பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தம் என்கிறாள். எல்லோரும் அந்தத் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதற்கு முந்தைய கணம்தான் முக்கியமாகப் படுகிறது. தாய் முதலில் மகளை அடிக்கிறாள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடித்தனங்கள் எட்டிப் பார்க்கின்றன. மழையில் நனைந்து வந்தாளே என்று அவள் பொய் சொல்லிச் சமாளிக்கிறாள். அந்தத் தாயின் கருணைக்கு முதல் எதிரி கார்க்காரன் அல்ல, சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் காது. அக்கம்பக்கம் என்று நாம் கொண்டாடும் அதே ஏற்பாடுதான் இது. சோற்றுப் பானை வரும் வழியாகவே வம்பும் வரும்.

அந்த அக்கம்பக்கத்துக்கு நியாயம் செய்தவர் அசோகமித்திரன். ‘தண்ணீர்’ கணையாழியில் தொடராக வந்த சின்ன நாவல். சென்னையில் குழாய்கள் வறண்டு, தெருவைத் தோண்டிப் போட்டு, குடிநீரில் சாக்கடை கலக்கும் காலம். ஜமுனாவைச் சினிமா ஆசை காட்டி ஒருவன் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். தங்கை சாயாவும் கோபித்துக்கொண்டு விடுதிக்குப் போய்விடுகிறாள். ஜமுனாவைத் தூக்கி நிறுத்துவது அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் டீச்சரம்மா. ஆறுதல் வார்த்தை அதிகம் கிடையாது. தன் வாழ்க்கை எப்படிப் போனது என்று கொஞ்சமும் இனிப்பு தடவாமல் சொல்கிறாள், கிட்டத்தட்டத் திட்டுகிறாள். அதற்கப்புறம் ஜமுனா குடத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறாள், மற்றவர்களுக்காகவும் தண்ணீருக்கு அலைகிறாள். தமிழில் இரு பெண்களுக்கிடையேயான தோழமை இவ்வளவு குறைந்த சொற்களில் வேறெங்கும் எழுதப்படவில்லை என்று துணிந்து சொல்வேன்.

தனிமனிதர் நல்லவராக இருந்தும் ஏற்பாடு கல்லாக இருந்தால் என்ன ஆகும்? சுஜாதாவின் ‘நகரம்’. மூளைக்காய்ச்சல் கண்ட பாப்பாத்தியோடு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் வள்ளியம்மாள். பெரிய டாக்டர் உடனே சேர்க்கச் சொல்கிறார், பின்னால் ஞாபகமாகத் தேடவும் தேடுகிறார். இடையில் சீட்டு, கையெழுத்து, வரிசை, நாளைக் காலை. கொடியவன் என்று கைநீட்ட ஒருவனும் இல்லை. வள்ளியம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள். வெகுஜன எழுத்தாளர் என்று இலக்கியக்காரர்கள் சுஜாதாவை ஓரங்கட்டிய காலத்தில், இந்த ஒரு கதை அவர்கள் பலருடைய தொகுதிகளைவிடக் கனமாக இருந்தது.

சேர்ந்து நிற்பது என்ற பொருளை நேரடியாகத் தொட்ட வெகுஜனத் தொடர்களும் உண்டு. தொழிற்சாலைச் சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும் ‘மெர்க்குரிப் பூக்கள்’ வழியாகப் பாலகுமாரன் பத்திரிகை வாசகரின் ஈஸிசேருக்குக் கொண்டுவந்தார். தானே ஆலை அலுவலகத்தில் இருந்தவர் என்பதால் கேண்டீன் பேச்சு பொய்யாக ஒலிக்காது. சு. சமுத்திரத்தின் ‘வாடா மல்லி’ விகடனில் வந்தபோது, திருநங்கையரின் உலகத்தை லட்சக்கணக்கான வீடுகள் முதன்முறையாக உள்ளேயிருந்து பார்த்தன. பெற்ற வீடு துரத்திய சுயம்புவுக்கு, தாய் என்றும் மகள் என்றும் தத்தெடுத்துக்கொள்ளும் அந்தக் குடும்பம்தான் வீடு. மிகைநாடகம் நிறைய உண்டு. இருக்கட்டும். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்ப் பழகி எழுதிய ‘கரிப்பு மணிகள்’ கலையில் இதைவிட ஒரு படி மேல், வாசகர் எண்ணிக்கையில் பல படி கீழ்.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒரு புத்தகம் நிறுத்திக் கேள்வி கேட்கிறது: 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’. நாயக்கர் வீட்டில் பாட்டி வேலை செய்கிறாள். குடிக்கத் தண்ணீர் உயரத்திலிருந்து ஊற்றப்படுகிறது, கையைக் குவித்து ஏந்த வேண்டும். மிஞ்சிய பழைய சோறும் குழம்பும் தொடாமல் போடப்படுகிறது. கொடுப்பவர்கள் இதை ஈகை என்றே நினைத்திருப்பார்கள். வாங்குகிற பாட்டியும் அதைப் பெரிய மனசு என்று சொல்லிப் பழகிவிட்டாள். பேத்திக்குத்தான் தாங்கவில்லை. இதைப் படித்துவிட்டு மொய் நோட்டைத் திரும்பப் பிரித்தால், அதில் யார் பெயர் இல்லை என்பது முதலில் கண்ணில் படும். ஒப்புரவுக்கு ஒப்பு வேண்டும். அது சாதிக்குள்தான் ஊறிக்கிடந்தது. அந்தச் சுவரைத் தாண்டியதும் அது பிச்சையாக மாறிவிட்டது. ஒண்டுக்குடித்தனத் தோழமையை உச்சிமுகர்ந்த கட்டுரைகள் பல, அந்தச் சுவருக்குள் வீடு கிடைத்தவர்கள் எழுதியவை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

2011இல் ஜெயமோகன் எழுதிய ‘சோற்றுக்கணக்கு’ இந்த முடிச்சை வேறு பக்கமிருந்து அவிழ்க்கப் பார்க்கிறது. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப்பின் சாப்பாட்டுக்கடை. காசு வாங்க ஆள் இல்லை, ஓர் உண்டியல் இருக்கிறது, போட்டால் போடு. ஏழை மாணவனாக அங்கே வயிறு நிறைந்தவன், வேலைக்குப் போனதும் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டுக் கட்டாக அதில் திணிக்கிறான். சாகிப் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதே பெரிய கை, அதே பரிமாறல். கடன் தீர்ந்ததா இல்லையா என்று சொல்ல அங்கே ஆளில்லை. பிறகுதான் அவனுக்கு, ஒரு காலத்தில் அளந்தளந்து கூழ் ஊற்றிய மாமியின் நினைவு வருகிறது. கணக்கு தெரிந்த வீடும் கணக்கற்ற கடையும் எதிரெதிரே நிற்கின்றன. கதை கடைசியில் மாமியின் மகளை அவன் கட்டிக்கொள்வதில் முடிவது பலருக்கு உறுத்தியிருக்கிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. சாகிப்பிடம் பட்ட கடனை வேறு வீட்டில்தான் அடைக்க முடியும். அங்கே அது புது நடை.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பெரும்பகுதி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு வாசலில் நடக்கிறது. பணமிருந்தும் பயனில்லாத தகப்பன், பெயரே தெரியாத பக்கத்துப் படுக்கையின் உறவுக்காரர். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ராத்திரி படுத்தவர்களுக்கு இந்த உலகம் தெரியும். பிளாஸ்கை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போவார்கள், மாத்திரைச் சீட்டை நமக்கும் சேர்த்துக் கொண்டுபோவார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் யாரும் யாரையும் தேடுவதில்லை. மொய் நோட்டுக்கு அடங்காத உறவு இது. நம் கதைகள் இன்னும் அதிகம் நுழையாத இடமும் இதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் லாரியில் ஏற்றிவந்து, சென்னையின் அடுக்குமாடித் தெருக்களில் ஓட்டினார்கள். பதினொரு வருடம் முன்பு சுனாமி அவர்களுடைய குப்பங்களைத்தான் வழித்துக்கொண்டு போயிருந்தது. மேலே யார், கீழே யார் என்பது ஒரு வாரத்துக்குத் தலைகீழாக நின்றது. அந்த வாரத்துக்கு ஈடான ஒரு நாவலை நான் இன்னும் படிக்கவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நோட்டீஸ்களையும் சேர்த்துவைத்ததால்தான் இன்று ஆய்வாளர்களுக்கு அவை கிடைக்கின்றன. மொய் நோட்டுகளுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய நோட்டு இருந்தால், நல்லது கெட்டது எதற்கு எழுதியதாக இருந்தாலும், பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.