வட்டம் போட்டால் ஊராகிவிடுமா?

வேற்றுக்கிரகத்தில் மனிதர்கள் குடியேறுவதாகக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு வட்டம் போடுகிறார்கள். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் கண்ணாடிக் கூடாரங்கள், நாலு திசைக்கும் சாலை. அப்புறம்தான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இந்த வட்டத்தின் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. காரணம், அப்படி ஒரு வட்டத்தை நிஜமாகவே போட்டுப் பார்த்த இடம் எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருவாமாத்தூரிலிருந்து கிழக்கே போனால் ஆரோவில்.

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு அந்த நகரத்தைத் தொடங்கினார்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் வரைந்த திட்டத்துக்குப் பெயரே ‘கேலக்ஸி’. நடுவில் மாத்ரி மந்திர், அதைச் சுற்றி விண்மீன் மண்டலம் போலச் சுழலும் நான்கு பகுதிகள், வெளியே பசுமை வளையம். 50,000 பேருக்கான நகரம். அந்த மாதிரி வடிவத்தின் படத்தைப் பார்த்தால் அறிவியல் புனைகதை அட்டைப்படம் என்றுதான் தோன்றும்.

ஆகவே நான் அதை நகரத் திட்டமாக இல்லாமல் ஒரு புனைகதையாகவே வாசித்துப் பார்த்தேன். ஓவியமாக அழகு. புனைகதையாக ஓட்டை. அது முழுக்க மேலே பறக்கிறவன் கண்ணில் தெரிகிற ஊர். சுழலின் கைகள் எந்த மேட்டில் ஏறி எந்தப் பள்ளத்தில் இறங்குகின்றன, ஐப்பசியில் பெய்கிற தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்பதற்கெல்லாம் அந்த வடிவத்தில் பதில் இல்லை. இன்னொன்று, அந்தக் கிரகம் காலியாகவும் இல்லை. குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம் எல்லாம் அங்கேதான் இருந்தன. கேலக்ஸியை வரைந்தால் அவை ஓரத்துப் புள்ளிகளாகிவிடுகின்றன.

நிஜத்தில் நடந்த கதை வேறு, திட்டத்தைவிட அது நல்ல கதையும்கூட. வந்தவர்களுக்குக் கிடைத்தது மரமற்ற செம்மண் மேடு. மழை பெய்தால் மண் அரித்துக்கொண்டு ஓடையும் பள்ளமுமாகக் கிழியும். கோபுரம் கட்டுவதற்கு முன்பே வரப்பு போட வேண்டியிருந்தது. உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து ஓடைகளை மறித்தார்கள், தண்ணீரை நிற்க வைத்தார்கள், முதலில் ஆஸ்திரேலிய வேல மரங்களை நட்டு நிழல் உண்டாக்கி, பிறகு இந்த மண்ணின் மரங்களுக்குப் போனார்கள். இன்று அங்கே ஆட்கள் மூவாயிரத்துச் சொச்சம்தான். மரங்களோ லட்சக்கணக்கில். எழுதியவர் நினைத்த கதை ஒன்று, பாத்திரங்கள் நடத்திக்கொண்ட கதை இன்னொன்று!

பக்கத்து இரும்பையில் இந்த வறட்சிக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கடுவெளிச் சித்தரை அவமதித்ததால் லிங்கம் வெடித்தது, நிலம் பாலையாகச் சபிக்கப்பட்டது, பிறகு தூரதேசத்து ஆட்கள் வந்து பச்சையாக்குவார்கள் என்று சித்தர் மனம் இரங்கினார். (கடைசி வரி எப்போது ஒட்டிக்கொண்டதோ, யார் கண்டது.) ஆனால் பாலை என்பது ஒரு நிலைமை, வந்தது போகவும் செய்யும் என்ற அறிவு இந்தக் கதையில் இருக்கிறது. நம் திணை இலக்கணத்தில் உள்ள அறிவும் இதுதான். அங்கே நிலமும் பொழுதும் முதலில் வரும். அதன்பின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று கருப்பொருள் வரும். மனிதர்களின் கூடலும் பிரிவும் அதற்கும் அப்புறம். கற்பனைக் கிரகம் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கையேடு எனக்குத் தெரியாது.

திருவாமாத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே மாடு நிற்கிறது. ‘ஆ’ என்றால் பசு. கொம்பில்லாமல் பிறந்த பசுக்கள் இங்கே வழிபட்டுக் கொம்பு பெற்றன என்பது தலபுராணம். அபிராமேசுவரர் கோயிலுக்கும் முத்தாம்பிகை கோயிலுக்கும் நடுவே தெரு ஓடுகிறது, சாமியும் அம்மனும் எதிரெதிரே பார்த்தபடி. அம்மன் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. வழக்கு வந்தால் அதன் முன் சத்தியம் செய்வார்கள், பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான். ஆக, சண்டை எங்கே தீரும் என்பதற்கு ஊரில் ஒரு இடம் இருக்கிறது. எத்தனை விண்வெளிக் காலனிக் கதைகளில் இப்படி ஒரு இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள்?

சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இதைவிட நுட்பம். இந்தக் கோயிலில் திருப்பதியம் பாடப் பதினாறு குருடர்களை நியமித்து, அவர்களுக்குக் ‘கண்காட்டுவார்’ இரண்டு பேரையும் வைத்து, எல்லோருக்கும் படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பார்வை இல்லாதவன் எப்படி நடந்து வருவான் என்பதுவரை யோசித்த ஊர். ஒரு கற்பனை ஊரில் இப்படி ஒரே ஒரு வரி இருந்தால் போதும், நான் அதை நம்பிவிடுவேன்.

ஆறும் சும்மா இல்லை. இரட்டைப் புலவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகத்தில் கோயில் பம்பையாற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். ஊரார் சிரித்தார்கள். அன்றிரவே வெள்ளம் வந்து ஆறு தடம் மாறிப் பாட்டு மெய்யானது. பாட்டின் மகிமைக்காகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனால், எங்க ஊர் ஆறு இடம் மாறும் என்பது தெரிந்த ஜனங்களால்தான் இப்படி ஒரு கதையைச் சொல்ல முடியும்.

நல்ல எழுத்தாளர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. உர்சுலா லெ குவின் 1974இல் எழுதிய ‘தி டிஸ்பொசஸ்டு’ நாவலில் அனாரெஸ் என்ற வறண்ட நிலவில் அரசே இல்லாத சமூகம் வாழ்கிறது. பஞ்சம் வரும்போதுதான் அங்கே அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளிப்படுகிறது. கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘ரெட் மார்ஸ்’ நாவலில் கூடாரங்களைவிடப் பெரிய விஷயம், செவ்வாயைப் பூமி மாதிரி ஆக்கலாமா கூடாதா என்ற சண்டை.

அதே மாதிரிச் சண்டை ஆரோவில்லிலும் வந்தது. திட்டத்தில் இருந்த வட்டச் சாலையைப் போட 2021 டிசம்பரில் புல்டோசர் மரங்களுக்குள் புகுந்தது. ஐம்பது வருஷம் முன்னால் வரைந்ததா, ஐம்பது வருஷமாக வளர்ந்ததா, எது ஆரோவில் என்பதுதான் கேள்வி. பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் வேலைக்குத் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டம் அதன் வழியில் போகட்டும். வாசகனாக என் ஓட்டு வளர்ந்ததற்குத்தான். வரைந்தவர் மனதில் இல்லாத பள்ளங்களை வளர்ந்த காடு அறிந்திருக்கிறது.

வேற்றுக்கிரகத்தில் மழையே கிடையாதே, அங்கே ஏது ஆறு என்று கேட்பீர்கள். சரி, மழை இல்லை. மூச்சுக்காற்று குழாயில்தானே வரும்? அப்போது அந்தக் குழாய்தான் ஏரி, அதன் வால்வுதான் மதகு. மதகுச் சாவி யார் கையில், கடைமடைக்காரனுக்குக் காற்று எட்டாவிட்டால் அவன் யாரிடம் போய்க் கத்துவான், சத்தியம் செய்ய அங்கே எந்தப் பாறை? 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியபோது எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் விசாரித்தது எந்த ஏரி உடைந்தது, எந்தப் பாலம் மூழ்கியது என்பதைத்தான். விக்கிரவாண்டிப் பக்கம் ரயில்கூட நின்றுபோனது. காலனிக் கதை எழுதுகிறவர்கள் அந்த மாதிரி ஒரு நாளை முதல் அத்தியாயத்தில் வைத்துவிட்டு, வட்டத்தை அப்புறம் போடட்டும்.