வருகைப் பருவமும் நடைவயதும்

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைச் செவிலிய மாணவியர்க்குக் குழந்தை வளர்ச்சி மதிப்பீட்டின் அளவுகோலாகக் கற்பிக்கலாம் என்று கருதத் தோன்றும். செங்கீரையில் ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் நிலை அத்துணை நுட்பமாக நோக்கப்பட்டுள்ளது. அந்நோக்கினைக் கொள்ளலாம்; திங்கட் கணக்கைக் கொள்ளலாகாது. வருகைப் பருவத்தை மரபு பொதுவாக 13ஆம் திங்களில் வைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவீடோ துணையின்றி நடத்தலுக்கு 8.2 முதல் 17.6 திங்கள் வரை இடமளிக்கிறது. 14 திங்களில் நடவாத குழந்தையைப் பின்தங்கியதெனக் குறித்தால் தாய் வீணே கலங்குவாள். மேலும், பாட்டுடைத் தலைவர் எவரும் பருவம் தவறுவதில்லை. செவிலியின் மதிப்பீடு தவறும் குழந்தையைக் கண்டறிவதற்கென்றே எழுந்தது. ஆண்பாற்குச் சிற்றிலும் பெண்பாற்குக் கழங்கும் எனக் கடைப் பருவங்கள் பிரிவதும் பாட்டியல் மரபே; உடல்வளர்ச்சி வேறுபாடு அன்று.